மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்தால் கரண்ட் பில் குறையுமா? வேலைக்கு முன்னும் பின்னும் வீட்டை அளக்கும் வழி

சில வருடங்களுக்கு முன் எங்கள் மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தோம். அடித்த வாரமே "வீடு ஜில்லுன்னு ஆயிடுச்சு" என்றார் அம்மா. அப்பாவோ "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே" என்றார். அடுத்த கோடை பில் முந்தைய வருடத்தைவிடக் குறைவாகத்தான் வந்தது. ஆனால் அந்த வருடம் கோடை மழையும் நன்றாகப் பெய்திருந்தது. தங்கையும் படிக்க வெளியூர் போயிருந்தாள். யார் சொன்னது சரி என்ற சண்டை இன்னும் ஓடுகிறது. அது தீரவே தீராது. பூச்சுக்கு முன்னால் வீடு எப்படி இருந்தது என்று நாங்கள் யாரும் ஒரு தாளில்கூடக் குறித்து வைக்கவில்லை.

அந்தத் தவறை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டில் சொந்த வீடோ ஃப்ளாட்டோ வைத்துக்கொண்டு, கூரைப் பூச்சு, புது ஃபேன், புது ஏசி, ஜன்னல் நிழல் என்று ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்கானது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு நோட்டு, ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு, முடிந்தால் துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று. கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அது இதற்கு உதவாது. சுவர், இயந்திரம் அளப்பதற்கென்று விற்பதை இரவல் வாங்குங்கள்.

முதல் படி: ஆறு பில்லை எடுத்து வையுங்கள்

நமக்கு ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஆகவே ஆறு பில் சேர்ந்தால் ஒரு வருடம். ஈபி கார்டில் எழுதியது இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் மின்வாரியத்தின் இணையதளத்தில் சர்வீஸ் நம்பரைப் போட்டுப் பழைய கணக்கைப் பார்க்கலாம். ரூபாயை எழுத வேண்டாம், யூனிட்டை எழுதுங்கள். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், யூனிட் மாறாது. ரீடிங் எடுத்த தேதியையும் பக்கத்தில் குறியுங்கள். ஒரு பில் 57 நாளுக்கும் இன்னொன்று 64 நாளுக்கும் வந்திருக்கலாம்; அந்த ஒரு வாரமே கோடையில் நூறு யூனிட்டை விழுங்கிவிடும். யூனிட்டை நாட்களால் வகுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வைத்துக்கொள்வதுதான் சுத்தம்.

இந்த ஆறு எண்களில் மிகக் குறைந்தது பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களைத் தொட்ட பில்லாக இருக்கும். அதை உங்கள் வீட்டின் அடித்தளம் என்று கொள்ளலாம்: ஃபிரிட்ஜ், விளக்கு, மோட்டார், மிக்சி, கிரைண்டர், டிவி. அதற்கு மேல் கோடையில் ஏறுவது ஏறக்குறைய முழுவதும் வீட்டைக் குளிர்விக்கும் செலவு. கீசர் போடும் வீட்டில் மட்டும் குளிர்கால எண் கொஞ்சம் உப்பியிருக்கும். ரொம்பக் கவலைப்பட வேண்டாம், 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடாக்க மூன்றில் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல்தான் ஆகும். கீசரைப் பற்றி வீட்டில் நடக்கும் சண்டைக்கும் அது தின்னும் கரண்டுக்கும் சம்பந்தம் குறைவு.

இரண்டாம் படி: எது தின்கிறது என்று மீட்டரிடமே கேளுங்கள்

டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருப்பார்கள். 1600, 3200, 6400 என்று மீட்டருக்கு மீட்டர் மாறும். அந்த எண்தான் சாவி. உங்கள் மீட்டரில் 3200 என்று வைத்துக்கொள்வோம். கைபேசியில் ஸ்டாப்வாட்சைப் போட்டு 10 மினுக்குக்கு எத்தனை விநாடி என்று பாருங்கள். 15 விநாடி வந்தால், 3600-ஐ 10-ஆல் பெருக்கி, 15-ஐயும் 3200-ஐயும் பெருக்கி வந்ததால் வகுத்தால் 0.75. அதாவது அந்த நொடியில் வீடு இழுப்பது 750 வாட்.

இப்போது ஹாலில் ஓடும் ஒரு ஃபேனை மட்டும் நிறுத்திவிட்டு மறுபடி எண்ணுங்கள். வித்தியாசம்தான் அந்த ஃபேன். பழைய ஃபேன் என்றால் 70 முதல் 80 வாட் வரை காட்டும். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு மினுக்கினால், எதுவோ திருட்டுத்தனமாகத் தின்கிறது என்று அர்த்தம்: செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர், வைஃபை, மாடியில் யாரோ அணைக்க மறந்த விளக்கு.

இன்வெர்ட்டர் ஏசிக்கு இந்த வித்தை பலிக்காது. அது நிமிடத்துக்கு நிமிடம் ஏறும் இறங்கும். ஏசிக்கு நேரான வழி, ராத்திரி படுக்கும்போது ஒரு ரீடிங், காலையில் எழுந்ததும் ஒரு ரீடிங். ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்கும் உரியதைக் கழித்தால் மிச்சம் ஏசி. ஒரு வாரம் இப்படிக் குறித்தால் சராசரி கிடைக்கும். அந்த வாரம் ரிமோட்டில் எத்தனை டிகிரி வைத்தீர்கள் என்பதையும் கூடவே எழுதுங்கள். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகமான பிஇஇ சொல்கிறது. கூரை வேலைக்கு முன் 22-லும் பின் 24-லும் வைத்திருந்தால், மிச்சத்தில் ஒரு பங்கு ரிமோட்டுடையது. அதைப் பூச்சுக்காரர் தன் கணக்கில் எழுதிக்கொள்வார்.

மூன்றாம் படி: சூடு எந்த வழியாக வருகிறது

மேல் மாடி வீட்டில் இதற்கு விடை பெரும்பாலும் தலைக்கு மேலேயே இருக்கும். மே மாதக் கத்திரி வெயிலில் கருத்துப்போன தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூடு உடனே கீழே இறங்காது. கான்கிரீட் அதை வாங்கி வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து, நாம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும் நேரத்தில் உள்ளே விடும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபேன் அனல் காற்றை இறக்குவது அதனால்தான். ஆகவே பகல் இரண்டு மணிக்கு மட்டும் அளந்துவிட்டு "கூரை பரவாயில்லை" என்று முடிவுகட்டக் கூடாது. மாலை ஆறிலிருந்து இரவு பத்து வரை சீலிங்கின் அடிப்பக்கத்தை அளந்து, பக்கத்துச் சுவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சீலிங் சுவரைவிட மூன்று நான்கு டிகிரி அதிகம் என்றால் குற்றவாளி கூரை. மேற்குச் சுவர் மட்டும் சூடு என்றால் கூரைக்குச் செலவழித்துப் பயனில்லை. தரைத்தளத்திலோ நடு மாடியிலோ இருப்பவர்கள் கூரையை மறந்துவிட்டு ஜன்னலைப் பார்க்கலாம்.

பிஇஇ 2018-இல் வீடுகளுக்கென்று ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. அதில் கூரை வழியாக வெப்பம் கடக்கும் அளவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 1.2 வாட். ஆறு அங்குல கான்கிரீட் மட்டும் போட்டு விட்டுவிட்ட தளம் இதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு விடும். நம் ஊர்க் கொத்தனார்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டோடு பதித்தது மழைக்கு மட்டுமல்ல. அந்த அடுக்கைச் செலவு மிச்சம் என்று விட்டுவிட்டு எழுப்பிய கட்டடங்களில்தான் இப்போது பூச்சு வியாபாரம் அமோகம்.

ஜன்னலைப் பொறுத்தவரை ஒரே விதி. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். உள்ளே தொங்கும் திரை, கண்ணாடி தாண்டி வந்துவிட்ட சூட்டை அறைக்குள்தான் வைத்திருக்கும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே சன்ஷேடு, மூங்கில் தட்டி, பச்சை வலை எதுவானாலும் சரி. வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பது மதுரை, வேலூர் மாதிரி வறண்ட ஊர்களில் அருமை; சென்னைக் கடற்காற்றின் புழுக்கத்தில் பெரிதாக எடுபடாது. ஏர்கூலருக்கும் இதே கதைதான்.

நான்காம் படி: வேலைக்கு முன் ஒரு வாரம், இரண்டு அறை

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் இரண்டு அறைகளைத் தேர்ந்தெடுங்கள். இரண்டிலும் ஒவ்வொரு தெர்மாமீட்டர், நெஞ்சு உயரத்தில், வெயில் படாத உள்சுவரில். முதலில் ஒரு நாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்று பாருங்கள். அரை டிகிரி பிசகு இருந்தால் குறித்துக்கொண்டு பிறகு கழித்துவிடலாம். காலை 6, பகல் 3, இரவு 9 என்று மூன்று வேளை, ஏழு நாள். அந்த நேரத்தில் ஏசி ஓடக் கூடாது. ஃபேன் ஓடலாம், ஃபேன் காற்றின் வெப்பத்தைக் குறைப்பதில்லை, நம் உடம்பு உணரும் சூட்டைத்தான் குறைக்கிறது.

அப்புறம் மொட்டை மாடியில் ஓர் அறைக்கு மேலே மட்டும் பூச்சு அடியுங்கள். மற்றதை இரண்டு வாரம் அப்படியே விடுங்கள். ஆட்கள் முணுமுணுப்பார்கள், "ஒரே நாள்ல முடிச்சிடலாமே சார்" என்பார்கள். பிடிவாதமாக இருங்கள். பூச்சு காய்ந்தபின் மறுபடி ஏழு நாள் அளவு. இரவு 9 மணிக்கு, முன்பு முதல் அறை இரண்டாம் அறையைவிட 0.4 டிகிரி அதிகமாக இருந்து, இப்போது 1.2 டிகிரி குறைவாக இருந்தால், பூச்சு குறைத்தது 1.6 டிகிரி. இடையில் மழை பெய்தாலும் வெயில் ஏறினாலும் இரண்டு அறைக்கும் பொது என்பதால் இந்தக் கணக்கு அசையாது. எங்கள் அம்மா அப்பா சண்டை இந்த இரண்டு தெர்மாமீட்டரில் முடிந்திருக்கும்.

இன்ஃப்ராரெட் துப்பாக்கியை வைத்து ஒரு வித்தை காட்டுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பூச்சு அடித்த இடத்தையும் அடிக்காத இடத்தையும் உச்சி வெயிலில் மேலிருந்து அளந்து "பாருங்க சார், 20 டிகிரி குறைவு" என்பார்கள். எண் பொய்யல்ல. ஆனால் அது கூரையின் முதுகு. நீங்கள் குடியிருப்பது வயிற்றில். மேலே 20 டிகிரி குறைந்தால் கீழே அறைக்காற்றில் ஒன்றிரண்டு டிகிரி குறையலாம், அவ்வளவே. அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பத்தடுப்பைத் துப்பாக்கியால் அளந்தால் எண்ணே தப்பாக வரும். பளபளப்பான பரப்பு தன் சூட்டைக் காட்டாமல் எதிரே இருப்பதன் சூட்டைக் கண்ணாடிபோலப் பிரதிபலிக்கும். அதன்மேல் ஒரு துண்டுக் காகித டேப்பை ஒட்டி, கொஞ்ச நேரம் கழித்து டேப்பை அளந்தால் உண்மை தெரியும்.

ஐந்தாம் படி: பில்லை ஒப்பிடும்போது வெயிலையும் ஒப்பிடுங்கள்

ஏசி இருக்கும் வீட்டில் கடைசிச் சான்று யூனிட்தான். ஆனால் போன வருடக் கோடை பில்லையும் இந்த வருடக் கோடை பில்லையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் ஏமாறுவோம். 2024 ஏப்ரலில் ஈரோடு 42 டிகிரியைத் தாண்டித் தகித்தது. 2025-இலோ தென்மேற்குப் பருவமழை மே 24 அன்றே கேரளத்தைத் தொட்டுவிட்டது. இந்த இரண்டு கோடைக்கும் நடுவில் ஒருவர் வீட்டில் எதையுமே செய்யாமல் இருந்திருந்தாலும் பில் குறைந்திருக்கக்கூடும்.

இதைச் சரிசெய்ய ஒரு பழைய வழி உண்டு. ஒவ்வொரு நாளும் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையைக் கூட்டி இரண்டால் வகுத்து, அதிலிருந்து 24-ஐக் கழியுங்கள். மிச்சம் வந்ததை எல்லாம் பில் காலம் முழுவதும் கூட்டினால் அந்தக் காலத்தின் வெயில் எண் கிடைக்கும். பொறியாளர்கள் இதைக் குளிர்ச்சி டிகிரி நாட்கள் என்பார்கள். சென்னைக்கு மீனம்பாக்கம், நுங்கம்பாக்கம் இரண்டு நிலையங்களின் எண்களும் தினசரி வெளிவருகின்றன, நாளிதழிலும் பார்க்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குளிர்கால பில் 300 யூனிட். வேலைக்கு முந்தைய ஏப்ரல், மே பில் 900. ஆக, குளிர்விக்க 600. அந்த 61 நாளின் சராசரி வெப்பநிலை 31 என்றால், 24-க்கு மேல் 7. வெயில் எண் 427. ஒரு டிகிரி நாளுக்கு இந்த வீடு சுமார் 1.4 யூனிட் தின்கிறது. வேலை முடிந்த அடுத்த கோடையில் சராசரி 29.8, வெயில் எண் 354. பழைய வீடாகவே இருந்திருந்தால் 354-க்கு 497 யூனிட், அடித்தளம் 300, மொத்தம் 797 வந்திருக்க வேண்டும். வந்தது 720. உண்மையான மிச்சம் 77 யூனிட். 900-லிருந்து 720-ஐக் கழித்து 180 என்று மார்தட்டியிருந்தால், அதில் 103 யூனிட் வானம் கொடுத்தது.

வீட்டில் ஆள் கூடினதா, குறைந்ததா, புது ஃபிரிட்ஜ் வந்ததா, வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கினீர்களா என்பதையும் நோட்டின் ஓரத்தில் எழுதுங்கள். நடுவில் மாடியில் சோலார் பொருத்தியிருந்தால் பில்லில் இருக்கும் எண் செலவைக் காட்டாது. வாரியத்திடம் வாங்கியதோடு பேனல் உற்பத்தி செய்ததைக் கூட்டி, வெளியே அனுப்பியதைக் கழித்தால்தான் வீடு தின்றது தெரியும். பேனலே கூரைக்கு நிழலும் தரும் என்பதால் பூச்சையும் பேனலையும் ஒரே மாதத்தில் செய்துவிட்டு எது எவ்வளவு குறைத்தது என்று பிரிக்க முடியாது.

ஆறாம் படி: ரூபாய்

மிச்சமாகும் யூனிட்டைச் சராசரி விலையால் பெருக்குவது பொதுவான தவறு. நம் கட்டணம் படிக்கட்டு. குறையும் யூனிட் எப்போதும் மேல் படியிலிருந்து குறைகிறது. 2024 ஜூலைத் திருத்தத்துக்குப் பின் இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 இலவசம், 400 வரை ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவு, 500-ஐத் தாண்டினால் எட்டரை ரூபாய் அளவு, 600-க்கு மேல் ஒன்பதரை, 800-க்கு மேல் பத்தரை. உங்கள் பில்லில் அச்சிட்டிருக்கும் விலையை வைத்தே கணக்கிடுங்கள். 500 என்ற கோடுதான் முக்கியம். அதற்குள் இருப்பவர்களுக்கு 101 முதல் 200 வரை ஏறக்குறைய பாதி விலைச் சலுகை உண்டு. தாண்டினால் அதுவும் போய்விடும். 520 யூனிட் ஓடும் வீடு 490-க்கு இறங்கினால், முப்பதே யூனிட்டுக்கு 450 ரூபாய்க்கு மேல் மிச்சம். 1,000 யூனிட் வீட்டில்கூட முப்பது யூனிட்டுக்கு இவ்வளவு கிடைக்காது.

இதை வைத்து ஃபேனைப் பாருங்கள். பிஎல்டிசி என்று விற்கும், குறைந்த கரண்டில் ஓடும் புது வகை ஃபேன் சுமார் 30 வாட், பழையது 75. நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் வருடத்துக்குச் சுமார் 197 யூனிட் மிச்சம். எட்டரை ரூபாய்ப் படியில் இருக்கும் வீட்டுக்கு 1,600 ரூபாய்க்கு மேல். 3,000 ரூபாய் ஃபேன் இரண்டே வருடத்தில் முதலை மீட்டுவிடும். 400 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு மூன்று வருடத்துக்கு மேல். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் ஓட்டும் வீட்டுக்கு, ஒரு பைசா மிச்சமில்லை. விருந்தினர் அறை ஃபேனை மாற்றுவது எந்த வீட்டிலும் வீண்.

கூரைப் பூச்சின் கணக்கு இவ்வளவு இனிப்பாக இருக்காது. 800 சதுர அடிக்கு, சதுர அடி 40 ரூபாய் என்று கொட்டேஷன் வந்தால் 32,000. மேலே பார்த்த வீட்டில் கோடையில் 77, வருடம் முழுவதும் சேர்த்து 200, 250 யூனிட் மிச்சம் என்றால் ஆண்டுக்கு இரண்டாயிரத்தை ஒட்டித்தான் வரும். முதல் திரும்பப் பதினாறு வருடம். பூச்சு அதற்குள் மூன்று தடவை உரிந்திருக்கும். அப்படியானால் அடிக்கக் கூடாதா என்றால், என் கருத்து வேறு. ஒழுகலுக்கு எப்படியும் தளத்தில் வேலை செய்யப் போகிறீர்கள் என்றால், சாதாரண வாட்டர்ப்ரூஃபிங்குக்கும் வெள்ளைப் பூச்சுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை மட்டும் செலவாக வையுங்கள், கணக்கு அடியோடு மாறிவிடும். ஒழுகல் இருந்தால் அதை முதலில் அடைத்துவிட்டுத்தான் எந்தப் பூச்சும். கையில் காசில்லை என்றால் வருடா வருடம் பங்குனியில் சுண்ணாம்பு அடிப்பதே மோசமில்லை. மழையில் கரையும், மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏசியே இல்லாத வீட்டில் பில்லை எடுத்துப் பார்ப்பதே அபத்தம். அங்கே ஒரு யூனிட்டும் குறையாது, ஏனென்றால் குறைக்க ஒன்றுமில்லை. அங்கே கிடைப்பது தூக்கம். இரவு 9 மணிக்கு அறை 33 டிகிரிக்கு மேல் இருந்த நாட்கள் முன்பு வாரத்தில் எத்தனை, இப்போது எத்தனை என்று எண்ணுங்கள். வயதானவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில் அந்த எண்ணுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும்.

ஏசி மாற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நட்சத்திரத்தை எண்ணாதீர்கள், அளவுகோலை பிஇஇ அவ்வப்போது இறுக்குவதால் பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றல்ல. லேபிளில் வருடாந்திர யூனிட் என்று ஓர் எண் இருக்கும். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கு. இரவு ஆறு மணி நேரம், வருடத்தில் ஆறு மாதம் ஓட்டினால் உங்களுடையது 1,100 மணி நேரத்தை ஒட்டி வரும். அந்த விகிதத்தில் குறைத்துக்கொண்டு இரண்டு மாடல்களை ஒப்பிடுங்கள். கூரை வேலை செய்வதாக இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு ஏசி வாங்குங்கள். ஒன்றரை டன் தேவைப்பட்ட அறைக்கு ஒரு டன் போதுமானதாகிவிடலாம்.

ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது, சூடு மட்டும் மேல் மாடிக்காரருக்கு. செலவை யார் ஏற்பது என்று அசோசியேஷன் கூட்டத்தில் பஞ்சாயத்து நடக்கும். "ரொம்பச் சூடா இருக்குங்க" என்று பேசுவதைவிட, இரவு 9 மணி அளவுகள் எழுதிய ஒரு தாளை நீட்டுவது கொஞ்சம் பலன் தருகிறது. தளம் ஒழுகினால் எல்லோருக்கும் சேதம் என்பதால், வாட்டர்ப்ரூஃபிங் பொதுக் கணக்கு, வெள்ளைக்கான கூடுதல் செலவு மேல் மாடிக்காரர் கணக்கு என்று பிரித்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கடைசிப் படி: மறு வருடம்

வெள்ளைப் பரப்பு ஒரே வருடத்தில் தூசியும் பாசியும் ஏறிச் சாம்பலாகிவிடும், வெயிலைத் திருப்பும் சக்தியும் அதோடு குறையும். மாசி, பங்குனி வாக்கில் கோடை பிடிப்பதற்கு முன் அதே இரண்டு தெர்மாமீட்டர்களை அதே இடத்தில் வைத்து மூன்று நாள் அளந்து பாருங்கள். பிறகு தளத்தை நாரால் தேய்த்துக் கழுவிவிட்டு இன்னும் மூன்று நாள் அளந்து பாருங்கள். கூடவே ஒவ்வொரு இரவும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் சீலிங்கின் அடிப்பக்கத்தையும் சுவரையும் அளந்து, அந்த வித்தியாசத்தைப் பழைய நோட்டோடு ஒப்பிடுங்கள். கழுவியபின் அது இறங்கினால் பூச்சுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. கழுவியும் இறங்கவில்லை என்றால் மறுபூச்சுக்குக் கொட்டேஷன் வாங்கலாம்; இந்தத் தடவை பேரம் பேசும்போது கையில் நோட்டு இருக்கும்.